தாலிக்கு முன் அப்பாவின் சத்தியப்பிரமாணம்

கேள்வி:

எனக்கு வயது 30. கோண்டாவிலைச் சேர்ந்தவள். அரச பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அக்கா அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜேர்சியில் குடும்பமாக இருக்கிறார். அவர் ஸ்பொன்சர் செய்து அப்பாவும் அம்மாவும் 2017இல் நிரந்தர வதிவிட அட்டையான கிறீன் காட்டோடு போனார்கள். 2018 மார்ச்சில் அப்பா என்னையும் அங்கே எடுக்க மனுப் போட்டார். அப்போது எனக்கு 22 வயது. எஃப்2பி என்ற பிரிவு என்கிறார்கள். என் முறை இன்னும் வரவில்லை. நான் அப்பம்மாவோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறேன்.

கடந்த ஆண்டு ஒரு சம்பந்தம் வந்தது. அவருக்கு யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. பொருத்தம் நன்று, இருவருக்கும் பிடித்தும் இருக்கிறது. அம்மா விசா வரும்வரை பொறு என்கிறார். இத்தனை காலம் காத்ததை வீணாக்காதே என்று அத்தான் சொல்கிறார். மாமியோ, "பதிவாளர் முன் எழுத்து வைக்காமல் கோயிலில் தாலியை மட்டும் கட்டிவிடுங்கள், அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இதற்கு நேரெதிர்: நிச்சயதார்த்தத்தன்றே எழுத்தை முடிப்போம், தாலிகட்டைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள். பதிவாளருக்கு அறிவித்தலும் கொடுத்தாயிற்று. அதுவே கலியாணம் ஆகிவிடுமா என்றும் பயமாக இருக்கிறது.

அப்பா எதுவும் சொல்வதில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது வயது 66. ஆங்கிலப் பரீட்சைக்குப் பயந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறார். 2022இல் இங்கே வந்து எட்டு மாதம் நின்றார். அதன் பிறகு ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போகிறார். வீடு என் பெயரில் இருக்கிறது. அதைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மாமி பேசுகிறார், அம்மா பேசுகிறார், நியூ ஜேர்சியிலிருந்து அத்தானும் பேசுகிறார். உங்களைக் கட்டப்போகிறவர் மட்டும் ஒரு வரிகூடப் பேசவில்லை. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் மாமியின் யோசனையை அப்புறப்படுத்த வேண்டும். என் சட்ட அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் அதைச் சட்டம் என்றே நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

எழுத்து வைக்காவிட்டால் அது கலியாணம் இல்லை என்று நம் ஊருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், பதிவைக் கலியாணத்துக்குச் சிறந்த சான்றாக வைத்திருக்கிறது. பதிவில்லாத கலியாணம் செல்லாது என்று அது சொல்லவில்லை. ஐயர் வந்து, கூறை கொடுத்து, சபையறியத் தாலி கட்டிய கலியாணங்களைப் பதிவு இல்லாமலே நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. புருஷன் போன பிறகு சொத்துக்காக அல்லாடும் பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. உங்களுக்கோ அதுவே பொறி. ஒரு கலியாணம் செல்லுமா செல்லாதா என்பதை அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அது நடந்த ஊரின் சட்டத்தை வைத்தே பார்க்கிறது. கோண்டாவிலில் செல்லும் கலியாணம் நியூ ஜேர்சியிலும் செல்லும்.

அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விசா விண்ணப்பத்தில் திருமண நிலை என்று ஓர் இடம் இருக்கிறது. கொழும்பில் நேர்முகத்தின்போது வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி கொடுத்த பிறகு, அதிகாரி அதையே வாயாலும் கேட்பார். அங்கே தப்பினாலும் கதை முடியாது. அடுத்து நீங்கள் கணவருக்கு மனுப் போட வேண்டும். எப்போது பழக்கம், எப்போது கலியாணம், யார் யார் வந்தார்கள் என்று இருவரிடமும் கேட்பார்கள். இடையில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும் தேதியும் இருக்கும். மாமியின் பிள்ளைகள் பேஸ்புக்கில் போட்ட படம் ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊரில் ஒருவருக்குப் பிடிக்காத கலியாணத்தைப் பற்றித் தூதரகத்துக்கு மொட்டைக் கடிதம் எழுத ஆளுக்குப் பஞ்சமா? பொய் சொல்லி விசா எடுத்ததாக முடிவானால் அந்த நாட்டுக்குள் போவதற்கான தடை ஆயுளுக்கும் நிற்கும். விலக்குக் கேட்கும் வழிகள் மிகக் குறுகியவை. பத்து ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதுகூடப் பழைய விண்ணப்பக் கோவையைப் புரட்டி, கிறீன் காட்டைப் பறித்து, நாடுகடத்தும் வழக்கைத் தொடங்க முடியும்.

மாமி ஒருவேளை கனடாக் கதை எதையாவது மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அங்கேயும் இதே சூட்சுமத்தைச் செய்து கெட்டவர்கள் உண்டு. மனைவி இருப்பதை மறைத்து நிரந்தர வதிவிடம் எடுத்தவர், பிறகு அந்த மனைவியை ஸ்பொன்சர் செய்யப் போனால், விண்ணப்பத்தில் காட்டாத உறவு என்று சொல்லிக் கதவை மூடுவார்கள். அது வேறு நாடு, வேறு சட்டம். உங்கள் விடயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்வதும் ஆபத்தில் குறைந்ததில்லை. எழுத்தை முதலில் முடித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தாலி கட்டுவது நம் ஊரில் புதிதில்லை. அந்த ஆறு மாதமும் பெண்ணைக் குமர்ப்பிள்ளை என்றே வீட்டில் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணாது. பதிவாளர் முன் கையெழுத்து வைத்த நிமிடம் முதல் நீங்கள் மனைவி. அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் மனம் முறிந்தால், "எழுத்துத்தானே, கிழித்துவிடலாம்" என்று கிழிக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டு, பிறன்மனை சேர்ந்தது, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டது போன்ற குற்றம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இருவரும் ஒத்துக்கொள்கிறோம் என்பது நம் சட்டத்தில் காரணமே இல்லை. நிச்சயதார்த்தம் செய்யுங்கள், மோதிரம் மாற்றுங்கள், விருந்து வையுங்கள். பதிவாளரை மட்டும் அன்று சாப்பிடவும் கூப்பிட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், உங்கள் மனுவின் உயிரே நீங்கள் கலியாணமாகாதவர் என்பதில் இருக்கிறது. எஃப்2பி என்பது கிறீன் காட் உள்ளவரின், 21 வயது கடந்த, கலியாணமாகாத பிள்ளைக்கான பிரிவு. கிறீன் காட் மட்டும் உள்ள ஒருவர் தன் கலியாணமான பிள்ளைக்கு மனுப் போட அங்கே பிரிவே கிடையாது. ஆகவே நீங்கள் கலியாணம் செய்யும் நாளிலேயே 2018 மார்ச் மனு தானாக இரத்தாகும். யாரும் கடிதம் அனுப்பி இரத்துச் செய்ய வேண்டியதில்லை. அடுத்த மாதமே அப்பா குடியுரிமை எடுத்தாலும், பிற்பாடு விவாகரத்தே ஆனாலும், அது மீண்டும் உயிர்க்காது. விசா கையில் வந்த பிறகும் இதே விதிதான். விசா குத்தியாயிற்று, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று விமானம் ஏறுவதற்கு முதல் வாரம் தாலி கட்டியவர்களுக்கு அந்த விசா செல்லாக் காசு. அமெரிக்க மண்ணில் இறங்கி அதிகாரி உள்ளே விடும் கணம்வரை நீங்கள் தனியாளாக இருக்க வேண்டும்.

அப்பா குடியுரிமை எடுத்தால் எல்லாம் மாறுகிறது. குடியுரிமை பெற்றவர் தன் 21 வயது கடந்த பிள்ளைக்கு, கலியாணம் ஆகாவிட்டால் எஃப்1 பிரிவிலும், ஆகியிருந்தால் எஃப்3 பிரிவிலும் மனுப் போடலாம். அப்பா குடியுரிமைக்கான சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளில் நீங்கள் தனியாளாக இருந்தால், பழைய மனு புதிதாக எதுவும் போடாமலே எஃப்1 ஆகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கலியாணம் செய்தால் அது எஃப்3க்கு இறங்கும், ஆனால் சாகாது. மனுப் போட்ட 2018 மார்ச் என்ற தேதி கடைசிவரை உங்களுடையது. எஃப்3இல் இன்னொரு நன்மையும் உண்டு: கணவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்தே விசா எடுக்கலாம். தாலி அந்தச் சத்தியப்பிரமாணத்துக்கு ஒரு நாள் முந்தினால் எட்டு ஆண்டு போயிற்று. ஒரு நாள் பிந்தினால் எட்டு ஆண்டும் கையில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

மற்றப் பாதி, எந்த வரிசையில் நிற்பது என்பது. எஃப்2பிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 விசாவும், எஃப்3க்கு 23,400 விசாவும் உலகம் முழுவதற்குமாக ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியா, சீனா, மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. இலங்கை பொதுப் பத்தியில் நிற்கிறது. மாதம் ஒருமுறை வெளியாகும் விசா அறிக்கையில் அந்தப் பத்தியில் தெரியும் தேதி உங்கள் தேதியைத் தாண்டினால்தான் உங்கள் முறை. அண்மைய ஆண்டுகளின் வேகத்தில் எஃப்2பிக்கு எட்டு, ஒன்பது ஆண்டும், எஃப்3க்குப் பதினான்கு ஆண்டளவும் எடுத்திருக்கிறது. சில மாதம் ஓடும், சில மாதம் அசையாது, சிலவேளை பின்னுக்கும் போகும். இந்த மாதம் இத்தனை வாரம் நகர்ந்தது, ஆகவே இத்தனையாம் ஆண்டு வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிற ஏஜென்சிக்காரரை நம்பிக் கலியாண மண்டபம் பதிய வேண்டாம்.

இதன்படி பார்த்தால் நீங்கள் வரிசையின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். அம்மா பொறு என்பதில் நியாயம் இருக்கிறது. தனியாளாகவே காத்திருந்தால் ஒன்று, இரண்டு ஆண்டில் முறை வரக்கூடும். போய் இறங்கி, திரும்பி வந்து, ஊரறியக் கலியாணம் செய்து, கணவருக்கு, கிறீன் காட் உள்ளவரின் துணைக்கான எஃப்2ஏ பிரிவில் மனுப் போடலாம். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆனால் அம்மா சொல்லாமல் விட்ட பகுதி அதன் பிறகு வருகிறது. எஃப்2ஏ வரிசை 2019 நடுப்பகுதியிலிருந்து 2023 தொடக்கம்வரை காத்திருப்பே இல்லாமல் திறந்து கிடந்தது. அதன் பிறகு அடைபட்டு, இப்போது இரண்டு, மூன்று ஆண்டு எடுக்கிறது. அவ்வளவு காலமும் நீங்கள் அங்கே, அவர் இங்கே. மனைவியின் கிறீன் காட்டும் மனுவும் கோவையில் இருக்கையில் அவருக்குச் சுற்றுலா விசா கிடைப்பது அரிது. கணவரைப் பராமரிக்க வருமானம் உண்டு என்று காட்ட, அங்குள்ள வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 வீதம் உங்களுக்கு இருக்க வேண்டும், அல்லது அத்தான் போல ஒருவர் இணைந்து பொறுப்பெடுக்க வேண்டும். புதிதாகப் போன ஆசிரியைக்கு முதல் ஆண்டில் எந்த வேலை கிடைக்கும் என்பதை அத்தானிடமே கேளுங்கள். அங்கே அவர் பார்த்திருப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நீங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் வர நாலைந்து ஆண்டு. அப்போது உங்களுக்கு 34, 35 வயது. அயலட்டைக்குக் கலியாண வயது பற்றி இருக்கும் கவலையை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் அந்த வயதை நீங்கள் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொரு வழி, அப்பாவை இப்போதே விண்ணப்பிக்கச் செய்து, அவர் சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு கலியாணம் செய்து, இங்கேயே சேர்ந்து வாழ்ந்துகொண்டு எஃப்3க்குக் காத்திருப்பது. 2018 மார்ச்சிலிருந்து எண்ணினால் இன்றைய வேகத்தில் 2032ஐ அண்டி வரும். நான் ஓரிரு ஆண்டு கூட்டியே சொல்வேன். கிடைப்பது தாமதம், ஆனால் போவதானால் குடும்பமாகப் போகிறீர்கள். அதுவரை உங்களுக்குப் பாடசாலை, அவருக்கு வங்கி, இருக்க வீடு. அப்பம்மாவும் தனித்துப் போக மாட்டார். மூன்றாவது வழி, மனுவை மறந்து இப்போதே கலியாணத்தை முடிப்பது. எட்டு ஆண்டு வீண் என்று அத்தான் சொல்வார். வரிசையில் நின்ற காலம் முழுவதும் நீங்கள் படித்து, வேலை எடுத்து, ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறீர்களே, அதில் எது வீண்? இருவருக்கும் இந்த ஊரை விட்டுப் போகும் எண்ணம் உண்மையில் இல்லை என்றால் மூன்றாவது வழியைப் பிடியுங்கள், யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

என் விருப்பைக் கேட்டால் இரண்டாவது. ஒரு சாவி அப்பாவின் கையில் கிடக்கும்போது, அதைத் திருப்பிப் பார்க்காமல் மகளைத் தாலியா விசாவா என்று தெரிவு செய்யச் சொல்வது நீதியாகப் படவில்லை. அவர் 2022இலேயே விண்ணப்பித்திருக்கலாம். கடிதத்தில் அவரைப் பற்றி எழுதும்போது நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பரீட்சைப் பயம் விளங்குகிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை இப்போது நீங்கள் கட்டுகிறீர்கள் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பிவைத்தாலும் சரி.

அவர் பயப்படும் அளவுக்கு அந்தப் பரீட்சையில் என்ன இருக்கிறது? மூன்று வசனம் தருவார்கள், ஒன்றைச் சரியாக வாசிக்க வேண்டும். மூன்று வசனம் சொல்வார்கள், ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். அதற்குரிய சொற்பட்டியலை அமெரிக்க அரசே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய கேள்விகளுக்கும் பட்டியல் உண்டு. 2025 ஒக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 கேட்டு, 12 சரியானால் தேர்ச்சி. விண்ணப்பப் படிவத்தில் உள்ளதை வைத்து அதிகாரி ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பார், அதுதான் வயதானவர்களுக்குக் கடினமான பகுதி. வயதுச் சலுகைகள் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தா: 50 வயதுக்கு மேல் என்றால் 20 ஆண்டும், 55க்கு மேல் என்றால் 15 ஆண்டும் கிறீன் காட்டோடு அங்கே இருந்திருக்க வேண்டும், அவர் போய் ஒன்பது ஆண்டுதான். முதல்முறை தவறினால் தவறிய பகுதிக்கு இரண்டாம் முறை அழைப்பார்கள். சங்கக்கடையில் கூப்பனும் இருப்புக் கணக்கும் பிசகாமல் பார்த்த மனிதருக்கு 128 கேள்வி பெரிய பாரம் இல்லை. நீங்கள் படிப்பிக்கத் தெரிந்தவர். பாடசாலை விட்டு வந்து மாலையில் வட்ஸ்அப்பில் அரை மணி நேரம் அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே அப்போது காலை, அவரும் சும்மாதான் இருப்பார்.

அவருடைய எட்டு மாதத் தங்கலைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பரீட்சையைவிடக் கவலை. குடியுரிமைக்கு முந்திய ஐந்து ஆண்டில் பாதிக்குக் குறையாமல், அதாவது 30 மாதமாவது, அங்கே நின்றிருக்க வேண்டும். அது அவருக்கு இருக்கிறது. ஆனால் ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவிடத் தொடர்ச்சி அறுந்ததாக அதிகாரி கருத இடமுண்டு. அறவில்லை என்று காட்டும் பாரம் அப்பாவின் தலையில்: அந்த ஆண்டு வரி கட்டிய பத்திரம், வீட்டு வாடகைச் சீட்டு, அம்மா அங்கேயே இருந்தார் என்பதற்கான சான்று, வங்கிக் கணக்கு. கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளை வைத்து வந்த நாளையும் போன நாளையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு அங்கே உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, இப்போது விண்ணப்பிக்கலாமா, 2022ஆம் ஆண்டுப் பயணம் ஐந்து ஆண்டுக் கணக்கிலிருந்து கழியும்வரை பொறுப்பதா என்று கேட்கட்டும். நான் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் நிற்கிறவன். அப்பாவின் கோவையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டியவர் அங்குள்ளவர்தான்.

நல்லூருக்கு வருவதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடியேறிய நாள் முதல் இருபத்தைந்து நாளும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம், இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. ஆனால் இனிமேல் எட்டு மாதம் கூடாது. ஊரோடு இருந்துவிடுகிறேன் என்று கிறீன் காட்டைக் கைவிட்டால் உங்கள் மனுவும் அதோடு போகும். சொல்லக் கூசுகிறது, ஆனால் 66 வயது மனிதரின் மனு என்பதால் சொல்கிறேன்: மனுப் போட்டவர் இறந்தால் மனுவும் இரத்தாகும். மனிதாபிமானக் காரணம் காட்டி மீட்க ஒரு வழி இருக்கிறது, கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அம்மா முதலில் குடியுரிமை எடுத்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். அம்மா புதிதாக மனுப் போடலாம், ஆனால் தேதியும் புதிதாகத்தான் தொடங்கும். 2018 மார்ச் அப்பாவின் மனுவில் மட்டுமே இருக்கிறது. அப்பா குடியுரிமை எடுத்த பிறகு எஃப்1 வரிசை எஃப்2பியைவிட மெதுவாகப் போவதாகத் தெரிந்தால், தனியாளாக இருக்கும்வரை எஃப்2பியிலேயே நிற்க எழுதிக் கேட்கலாம். அதற்கும் சட்டம் இடம் தருகிறது.

கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். அக்கா தன் பெயரில் உங்களுக்கு மனுப் போட்டிருக்கிறாரா? குடியுரிமை பெற்றவர் கூடப்பிறந்தவருக்கு எஃப்4 பிரிவில் மனுப் போடலாம். அதற்குக் கலியாணம் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் ஒன்றுதான், ஆகாவிட்டாலும் ஒன்றுதான். கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம். அப்பாவின் மனுவோடு கூடவே ஓடும், ஒன்று மற்றதைத் தடுக்காது. வரிசை மிக நீளம், பதினேழு ஆண்டளவு. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையத்தில் 625 டொலர், தாளில் 675 டொலர். அக்கா 2018இலேயே போட்டிருந்தால் இன்று பாதி வழி வந்திருக்கும். போடவில்லை என்றால் இந்த வாரம் போடச் சொல்லுங்கள். நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் அது ஒரு பக்கத்தில் கிடக்கட்டும். அத்தானுக்கும் புத்தி சொல்வதைவிட ஒரு நல்ல வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

இனி மாப்பிள்ளை. அவருக்கு இந்த மனுவைப் பற்றி எவ்வளவு தெரியும்? உங்களுக்குக் கிறீன் காட் வரப்போகிறது என்று தெரிந்துதான் சம்பந்தம் பேசினார்களா, அல்லது பேச்சு நடந்த பிறகு தெரிந்ததா? அவருக்கு அமெரிக்கா போக விருப்பமா? வங்கி வேலையைவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில், அங்கே ஒரு கடையில் நின்று தொடங்கச் சம்மதமா? அவருடைய தாய் தகப்பனைப் பார்க்க இங்கே வேறு பிள்ளை உண்டா? இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை, பெரியவர்கள் நடத்தும் பேச்சிலும் வந்திருக்காது. அவர்கள் பேசுவது நாளும் நகையும் வீடும். ஒரு மாலை பண்ணைக் கடற்கரைப் பக்கம் இருவரும் நடந்துகொண்டே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். அவர் போக விரும்பாவிட்டால் நான் மேலே எழுதியதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. அப்பா குடியுரிமை எடுக்கும்வரை பொறுப்போம் என்று நீங்கள் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். நிச்சயதார்த்தத்தன்றே எழுத்து நடந்தே தீர வேண்டும் என்று அவர் வீடு அவசரப்படுவதற்குக் காரணம் உங்கள் மேல் உள்ள அன்பா, நீங்கள் பறந்துவிடுவீர்கள் என்ற பயமா என்பது அவர் வாயால் வரவேண்டிய விடயம். பயம்தான் என்றால் அதுவும் குற்றமில்லை. இப்படி நிச்சயம் பண்ணிவிட்டுப் பறந்துபோனவர்களையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. காத்திருக்கச் சொல்வதானால் நீங்களும் ஒரு பிடி கொடுக்க வேண்டும். கலியாணம் செய்வதாக எழுத்தில் கொடுத்த வாக்கை மீறினால்தான் நம் சட்டத்தில் நட்டஈடு கேட்கலாம், வாய்ப்பேச்சு நிற்காது. இரு பக்கமும் அப்படி ஒரு கடிதம் மாற்றிக்கொள்ள விரும்பினால் அதில் தவறில்லை. அதில் நீங்கள் கணவன் மனைவி என்ற சொல்லை மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கில் பிறந்து வாழும் தமிழரென்பதால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்தும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, கலியாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையும் வீட்டையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. சொத்து உங்களுடையதுதான், கைமாற்றும்போதுதான் அவர் கையெழுத்து வேண்டும். எழுத்து மட்டும் முடிந்து தாலி கட்டாத ஆறு மாதத்திலும் இது பொருந்தும் என்பதை மாப்பிள்ளை வீட்டாரும் உங்கள் வீட்டாரும் யோசித்தார்களோ தெரியாது. அவர் இங்கே, நீங்கள் அங்கே என்று பிரிந்திருக்கும் ஆண்டுகளில் வேலியடைக்கிற விடயத்துக்குக்கூட அற்றோர்ணித் தத்துவம், அதாவது ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், எழுத வேண்டிவரும். கலியாணத்துக்கு முன் அவர் பெயருக்கோ இருவர் பெயருக்கோ உறுதி முடிக்கச் சொன்னால் முடிக்க வேண்டாம். வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வீடு எங்கே போகும் என்று கேட்டால், அப்பம்மா அதில் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

பதிவாளருக்குக் கொடுத்த அறிவித்தலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அறிவித்தல் கலியாணம் ஆகாது. இருவரும் பதிவாளர் முன் நின்று, சம்மதம் சொல்லி, சாட்சிகளோடு கையெழுத்து வைத்தால்தான் ஆகும். கையெழுத்து வைக்காமல் விட்டால் அந்த அறிவித்தல் காலாவதியாகிப் போகும், பிறகு வேண்டியபோது புதிதாகக் கொடுக்கலாம். விசா நேர்முகத்தில் இதைப் பற்றிக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: அறிவித்தல் கொடுத்தோம், எழுத்து வைக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வரச்சொல்லிப் பதிவாளருடன் நாள் பேசியிருந்தால் இப்போதே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்டபமும் சமையல்காரரும் அதே நாளில் இருக்கட்டும்.